மாப்ளே, மலைக்குப் போலாமா?

சித்திரை பிறந்தாச்சு! சோமனூரில் தறிக்குடோனில் நிற்பவருக்கும் வியர்வை, ஃபேனுக்குக் கீழே கம்ப்யூட்டர் தட்டுபவருக்கும் வியர்வை. 'ரெண்டு நாள் மலைக்குப் போயிட்டு வந்தா என்ன?' என்ற கேள்வி டீக்கடை பெஞ்சில் எழுகிற நேரம். எழுந்த கேள்வி அந்த பெஞ்சிலேயே மறுபடி உட்கார்ந்துவிடாமல் இருக்க, இதோ சில யோசனைகள்...

ஆபீஸ்காரர்கள் போட்ட பிள்ளையார் சுழி

முதலில் ஒரு பெருமையான சமாசாரம். வெயிலுக்குப் பயந்து நீலகிரிக்கு ஓடும் பழக்கத்தை ஆரம்பித்து வைத்ததே நம்ம கோயமுத்தூர் ஆபீஸ்காரர்கள்தான்!

கோவை கலெக்டராக ஜான் சல்லிவன் இருந்த காலம். அவரிடம் வேலை பார்த்த விஷ், கிண்டர்ஸ்லி என்ற இரண்டு அதிகாரிகள் 1818-ல் நீலகிரி மேல் ஏறினார்கள். வேட்டைக்குப் போனார்கள் என்பாரும் உண்டு. புகையிலை கடத்தியவனைத் துரத்திக்கொண்டு போனார்கள் என்பாரும் உண்டு. எதற்குப் போனார்களோ, இறங்கி வந்து ஆபீஸில் சொன்ன விஷயம் ஒன்றுதான். 'மேலே ஜிலுஜிலுன்னு இருக்குதுங்க!'

அடுத்த வருஷமே, 1819-ல், கலெக்டர் துரை கிளம்பிவிட்டார். கோத்தகிரி அருகே கன்னேரிமுக்கில் அவர் கட்டிய பங்களா இன்றைக்கு நினைவகமாக நிற்கிறது. அப்புறம் ஊட்டியில் கல் பங்களா, ஏரி என்று வரிசையாக வந்தன. 1870 வாக்கில் சென்னை ராஜதானி அரசாங்கமே ஃபைல் கட்டுகளோடு வருஷா வருஷம் கோடைக்கு ஊட்டி ஏற ஆரம்பித்தது. தோடர், கோத்தர், படகர், இருளர், குறும்பர் எல்லாம் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மலை அது. துரைமார்தான் கண்டுபிடித்தார்கள் என்று சொன்னால் அவர்கள் சிரிப்பார்கள்!

ஆக, முதலில் இரண்டு ஊழியர்கள் போனார்கள், பின்னாலேயே மேலதிகாரி போனார், கடைசியில் கவர்மெண்ட்டே போனது. மேனேஜரிடம் லீவு கேட்கும்போது இந்தச் சரித்திரத்தை எடுத்து விடுங்கள். லீவு கிடைக்காவிட்டாலும் மனுஷர் குழம்பியாவது போவார்.

கோஷ்டியில் யார் யார்?

எந்த ஊர் ஜமாவாக இருந்தாலும் இந்த நாலு பேர் இருப்பார்கள்.

ஒருத்தர் 'ஆரம்ப சூரர்'. நள்ளிரவில் வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிப்பார். குரூப்புக்கு 'மலையேறும் மாவீரர்கள்' என்று பெயர் வைப்பார். மறுநாளிலிருந்து சத்தமே இருக்காது.

அடுத்தவர் 'கேட்டுச் சொல்றேன்' பார்ட்டி. 'ஊட்டுல கேட்டுட்டுச் சொல்றேன்டா' என்பார். கல்யாணம் ஆகாதவராக இருந்தாலும் இதையேதான் சொல்வார்!

மூன்றாமவர் திருப்பூர் பனியன் கம்பெனி மெர்ச்சண்டைசர். 'இந்த ஷிப்மெண்ட் மட்டும் போயிரட்டும் மாப்ளே' என்பது அவருடைய தேசிய கீதம். அந்த ஷிப்மெண்ட் போனால் அடுத்த ஷிப்மெண்ட் வாசலில் நிற்கும்.

நாலாமவர் தறிக்காரர். 'பாவு முடியோணுமப்பா, அப்பறம் பாத்துக்கலாம்' என்று மெதுவாகச் சொல்லிவிட்டு டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருப்பார். மற்ற மூன்று பேரைக் கிண்டல் பண்ணலாம். இவரிடம் மட்டும் கொஞ்சம் கவனமாக இருங்கள். காரணம் பின்னால் வருகிறது.

ஆறு பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். ஆறு பேர் என்றால் ஒரே வண்டி, இரண்டு ரூம். எட்டு பேர் ஆனால் இரண்டு வண்டி, இரண்டு கட்சி, திரும்பி வரும்போது ஒரு தீராத சண்டை!

என்றைக்குப் போவது?

உலகமே சனிக்கிழமை காலையில் ஏறி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இறங்குகிறது. நீங்கள் ஞாயிறு மதியம் ஏறிப் பாருங்களேன்! எதிர்த்திசையில் ஊரே இறங்கிக்கொண்டிருக்கும், உங்கள் பக்கம் காலி. செவ்வாய் காலை இறங்கினால் லீவும் ஒன்றரை நாளோடு முடிந்தது. ரூம்காரரும் திங்கட்கிழமை கொஞ்சம் இறங்கிப் பேசுவார். பனியன் கம்பெனிக்காரருக்கும் சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்திருக்கும்.

மலர்க் கண்காட்சிதான் வேண்டும் என்றால் மே மாதம், கூட்டத்தோடு கூட்டமாக. ஊட்டி தாவரவியல் பூங்கா 1848-ல் உருவானது. குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி. பூவைப் பார்த்தேன் என்று சொல்வதைவிட முன்னால் நின்றவர் பின்மண்டையைப் பார்த்தேன் என்று சொல்வதுதான் சரியாக இருக்கும். இன்னொன்று, 'ஊட்டின்னா குளிர்' என்று முழுசாக நம்பிவிட வேண்டாம். 2024 ஏப்ரல் கடைசியில் அங்கேயே வெயில் 29 டிகிரியைத் தொட்டது!

எந்த மலை?

சோமனூர்க்காரர்களுக்கு இதில் ஒரு யோகம். வடக்கே போனாலும் மலை, தெற்கே போனாலும் மலை.

ஊட்டி பக்கம் என்றால் கோவைக்குள் நுழையவே வேண்டாம். கருமத்தம்பட்டி, அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் பிடித்துவிடலாம். சீசன் நாட்களில் குன்னூர் ரோட்டில் ஏற்றம், கோத்தகிரி ரோட்டில் இறக்கம் என்று ஒருவழியாக்குவது வழக்கம். நல்லதுதான், ஒரே பயணத்தில் இரண்டு மலைப்பாதை! கூட்டம் பிடிக்காதவர்கள் கோத்தகிரியிலேயே தங்கிவிடலாம்.

வண்டியே வேண்டாம் என்றால் மலை ரயில். குன்னூர் வரை 1899-லும், ஊட்டி வரை 1908-லும் வந்து சேர்ந்த பாதை. 2005-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. 46 கிலோமீட்டர், 16 குகைகள், 208 வளைவுகள், ஏறக்குறைய ஐந்து மணி நேரம். கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவே பல் சட்டம். இன்ஜின் முன்னால் இழுக்காது, பின்னால் இருந்து தள்ளும். (நம்ம கோஷ்டிக்கும் அப்படி ஒருத்தர் வேண்டும்!) காலை ஏழு மணியை ஒட்டி மேட்டுப்பாளையத்தில் கிளம்பிவிடும். சென்னையிலிருந்து வரும் நீலகிரி எக்ஸ்பிரஸ் சோமனூரில் நிற்காது. விடியற்காலை திருப்பூர் போய் ஏறினால் நேராக மலை ரயிலுக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். ஆனால், மலை ரயிலுக்கு டிக்கெட்டை முன்பதிவு தொடங்கும் நாளிலேயே எடுத்துவிடுங்கள். 'போனா கிடைச்சிரும்டா' என்று சொல்பவரை மேட்டுப்பாளையம் பிளாட்பாரத்திலேயே விட்டுவிட்டுப் போகலாம்.

தெற்கே வால்பாறை. காரணம்பேட்டை, பல்லடம், பொள்ளாச்சி, ஆழியாறு. அங்கிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் நின்று ஆழியாறு அணையைப் பாருங்கள். அதிர்ஷ்டம் இருந்தால் பாறைமேல் வரையாடு நின்று உங்களைப் பார்க்கும். வால்பாறை புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குகள் உண்டு. தின்பண்டம் போடாதீர்கள். பழக்கிவிட்டால் அவை ரோட்டுக்கு வரும், வண்டியில் அடிபடும்.

ஏற்காடு (20 வளைவு), கொல்லிமலை (70 வளைவு!) எல்லாம் அடுத்த வருஷத்துக்கு.

இ-பாஸ் எடுத்தாச்சா?

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை ஊட்டிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 வண்டி என்று எண்ணிக்கைக்கும் கட்டுப்பாடு போட்டார்கள். 2025 நவம்பர் 1 முதல் வால்பாறைக்கும் இ-பாஸ். விதிகள் அவ்வப்போது மாறுவதால் புறப்படும் முன் அரசு இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பாஸுக்குக் காசு கிடையாது. அரசு பஸ்ஸில் போனால் இந்தத் தொல்லையும் கிடையாது. கோவை மேட்டுப்பாளையம் ரோடு பஸ் ஸ்டாண்டில் ஊட்டி பஸ் கிடைக்கும்.

செக்போஸ்ட்டில் அடுத்த கேள்வி, 'பிளாஸ்டிக் இருக்குதுங்களா?' ஆளுக்கு ஒரு எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொண்டால் தீர்ந்தது. நீலகிரியில் 2022 மே மாதம் காலி மதுபாட்டிலைத் திருப்பித் தந்தால் 10 ரூபாய் என்ற திட்டம் வந்தது. யாரோ காட்டுக்குள் உடைத்துப் போட்ட கண்ணாடி யானைக் காலைக் கிழிக்கிறது என்பதுதான் காரணம். 'ஜாலிக்கு' வீசியவருக்கு அது ஒரு நொடி, யானைக்கு அது மரணம்.

காசு... காசு!

ட்ரிப்புகள் கவிழ்வது பெரும்பாலும் கொண்டை ஊசி வளைவில் அல்ல, 'தலைக்கு எவ்வளவு?' என்ற வளைவில்தான்.

டீக்கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்த நண்பருக்கு வருவோம். ஆபீஸ்காரருக்கு இரண்டு நாள் லீவு என்றால் சம்பளம் ஓடிக்கொண்டேயிருக்கும். தறிக்காரருக்கு அப்படி இல்லை. தறி ஓடினால்தான் மீட்டர், மீட்டர் ஓடினால்தான் கூலி. ட்ரிப்புக்கு நீங்கள் கொடுப்பது பங்குப் பணம் மட்டும். அவர் கொடுப்பது பங்குப் பணமும் இரண்டு நாள் கூலியும். 2022-லும் 2025-லும் கூலி உயர்வு கேட்டு ஜாப் ஒர்க் தறிகள் வாரக்கணக்கில் நின்றதே, நினைவிருக்கிறதா? அப்போது அவரிடம் நாள் நிறைய இருந்தது, கையில்தான் ஒன்றும் இல்லை. தறி ஓடும்போது காசு இருக்கும், நாள் இருக்காது. 'எனக்கு மலையெல்லாம் ஒத்துக்காதுடா' என்று அவர் சொன்னால் முக்கால்வாசி அர்த்தம் இதுதான். நாலு பேர் முன்னால் அதைச் சொல்ல அவருக்கு நாக்கு வராது.

அதனால் வழி இது. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, 'உன்னால எவ்வளவு முடியும்?' என்று கேளுங்கள். வந்த தொகைகளில் எது குறைச்சலோ அதுதான் பட்ஜெட். யார் சொன்ன தொகை என்று மூச்சு விடக்கூடாது. உதாரணத்துக்கு 2,500 என்று வைத்துக்கொண்டால் ஆறு பேருக்கு 15,000. அதில் 1,500-ஐ அவசரத்துக்கு ஒதுக்கிவிட்டு, மீதி 13,500-க்குள் வண்டி, ரூம், சாப்பாடு. அடங்கவில்லையா? வாடகை வண்டியை விட்டுவிட்டு அரசு பஸ்ஸில் ஏறுங்கள். இரண்டு ராத்திரியை ஒரு ராத்திரி ஆக்குங்கள். மலையைக் குறைக்கலாம், ஆளைக் குறைக்கக் கூடாது. பணம் முழுவதும் ஒருத்தர் கையில், கணக்கு இன்னொருத்தர் நோட்டில். 'நான் போட்டுக்கறேன், அப்பறம் பாத்துக்கலாம்' என்ற வள்ளல்களை நம்பாதீர்கள். அந்த 'அப்பறம்' பல நட்புகளைத் தின்றிருக்கிறது.

உயிரோடு இறங்கணும்ல!

இனி விளையாட்டு வேண்டாம். 2023 செப்டம்பர் 30 அன்று, ஊட்டிக்கு வந்துவிட்டுத் திரும்பிய தென்காசிப் பக்கத்துச் சுற்றுலாப் பயணிகளின் பஸ் குன்னூர் மரப்பாலம் அருகே கவிழ்ந்து 9 பேர் இறந்தார்கள். மலையில் ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து. எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். நியூட்ரலில் விட்டு பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் பிரேக் சூடேறி, கடைசியில் பெடல் இருக்கும், பிடிப்பு இருக்காது. கருகல் வாசனை வந்தால் ஓரம் கட்டி ஆற விடுங்கள். குறுகலான இடத்தில் ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் வழி. வாடகை வண்டி என்றால் டிரைவருக்கும் படுக்க இடமும் போர்வையும் உங்கள் பட்ஜெட்டில் சேர்த்தி. ராத்திரி முழுக்க சீட்டில் சுருண்டு நடுங்கியவர் கையில்தான் காலையில் ஆறு உயிர் இருக்கிறது.

அடுத்தது தண்ணீர். 2023 அக்டோபரில் வால்பாறை அருகே ஆற்றில் குளிக்க இறங்கிய கோவைப் பக்கத்துக் கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர் மூழ்கி இறந்தார்கள். ஒருவர் தடுமாற, மற்றவர் கை கொடுக்க, அவரும் போக... மலை ஆறு முழங்கால் அளவு போலத் தெரியும். பாறைக்கு அந்தப் பக்கம் ஆள் ஆழம் இருக்கும். நீச்சல் தெரியும் என்பவருக்கும் கிணற்று நீச்சல்தான் தெரியும். ஓடும் தண்ணீர் வேறு. 'குளிக்கக் கூடாது' போர்டு இருந்தால் அதன் பின்னால் யாரோ ஒரு அம்மாவின் கண்ணீர் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

யானையைப் பார்த்தால் செல்ஃபி வேண்டாம். 2025 பிப்ரவரியில் வால்பாறை ரோட்டில் பைக்கில் வந்த ஜெர்மன் பயணி ஒருவர் யானை தாக்கி இறந்தார். தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹாரன் அடிக்காதீர்கள். அது போன பிறகு போங்கள். அதற்கு அவசரமில்லை, நமக்கும் என்ன அவசரம்?

பையில் என்ன?

• ஸ்வெட்டர் ஒன்று போதும். திருப்பூர்ப் பக்கத்துக்காரர்கள் ஊட்டியில் பனியன் வாங்கினால் ஊர் சிரிக்கும்!

• வாந்தி வருபவருக்கு முன் சீட்டு, எலுமிச்சம்பழம், காலி வயிறு இல்லாமல் இரண்டு இட்லி.

• டார்ச், தலைவலி மாத்திரை, கொஞ்சம் ரொக்கம். மலையில் சிக்னல் போனால் செல்போன் பணம் செல்லாது.

• லைசென்ஸ், வண்டிப் பேப்பர், இ-பாஸ் பிரிண்ட்.

• சீட்டுக்கட்டு. மழை வந்தால் அதுதான் சுற்றுலா.

அவ்வளவுதான் ஸார். 1818-ல் போனவர்களுக்கு ரோடும் இல்லை, ரூமும் இல்லை, குரூப்பும் இல்லை, போய் வந்துவிட்டார்கள். உங்களுக்கு எல்லாம் இருக்கிறது. தேதியை மட்டும் குறியுங்கள். அதற்கு முன்னால் அந்தத் தறிக்கார நண்பரிடம் தனியாகப் போய், 'உன் பாவு எப்ப முடியுது?' என்று கேளுங்கள். அவர் சொல்லும் தேதியையே குரூப்பில் போட்டுவிடுங்கள்!