ஒலிபெருக்கியின் முகத்திரை

பழைய வால்வு வானொலிப் பெட்டிகளைக் கண்டவர்கள், அவற்றின் முகப்பில் பொன்னிழை ஓடிய தடித்த துணியொன்று இறுக்கிக் கட்டப்பட்டிருந்ததை மறந்திருக்க மாட்டார்கள். செய்தியும் சங்கீதமும் அத்துணியின் வழியேதான் நம் இல்லங்களுக்குள் புகுந்தன. அது ஒலியைச் சற்றுத் தடுத்தது என்பது உண்மையே. ஆயினும் அக்குறை எவர் காதிலும் படவில்லை. மத்திய அலை ஒலிபரப்பில், விநாடிக்கு ஏறத்தாழ 5,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலி பெட்டிக்கு வந்து சேர்வதே அரிது. வராத விருந்தாளிக்கு வாயிற்படி உயரமாயிருந்தால் யாருக்கு நட்டம்?

இன்றைய நிலை வேறு. 1977-ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கிய பண்பலை ஒலிபரப்பு 15,000 அதிர்வுகள் வரை ஏந்தி வரவல்லது. குறுந்தகடும் அதன் பின் வந்தவையும் 20,000 வரை எட்டுகின்றன. தம்புராவின் ஜீவநாதத்தில் மின்னும் மேல்தொனிகள், கஞ்சிராவின் சலங்கைச் சில்லொலி, பாடகர் உச்சரிக்கும் சகர ஷகரங்களின் சீறல் ஆகியன பெரும்பாலும் அந்த மேல்மாடியில் குடியிருப்பவை. ஆகவே ஒலிபெருக்கியின் முகத்தில் எதைக் கட்டுகிறோம், எப்படிக் கட்டுகிறோம் என்பது இப்பொழுது கேள்விக்குரிய விஷயமாகிவிட்டது.

கட்டாமலே விட்டால் என்ன என்று கேட்கலாம். நாமும் அப்படித்தான் எண்ணினோம். மரப்பெட்டியைத் தச்சரிடம் செய்வித்து, ஸ்பீக்கர்களைத் தில்லி லஜபத்ராய் மார்க்கெட்டில் வாங்கிப் பொருத்தி, திறந்த முகத்தோடு கூடத்தில் வைத்தோம். மே மாதப் புழுதிக்காற்று ஒன்று அடித்து ஓய்ந்தபோது, கூம்புகளின் மேல் மாவு சலித்தாற்போல் மண் படிந்திருந்தது. அதையும் பொறுத்துக்கொண்டோம். பின்னர் எங்கள் தங்கையின் பேரன் வந்தான், மூன்று வயது. வந்த ஐந்தாம் நிமிடத்தில், ட்வீட்டரின் மென்துணிக் குமிழ்கள் இரண்டையும் ஆள்காட்டி விரலால் அமுக்கி உள்ளே தள்ளிவிட்டு, எங்களைப் பார்த்துச் சிரித்தான். ஒட்டுநாடாவை மெல்ல ஒற்றி இழுத்ததில் ஒன்று நிமிர்ந்தது. மற்றதில் மடிப்பு நிலைத்துவிட்டது. புதியதுதான் வாங்க வேண்டியதாயிற்று. உலோகக் குமிழாயிருந்தால் இரண்டுமே போயிருக்கும்.

அன்று மாலையே, வீட்டில் மீந்து கிடந்த ஜன்னல் திரைத் துணியை எடுத்து ஆணியடித்துக் கட்டினோம். பார்வைக்கு வெகு நேர்த்தி. கேட்டாலோ, பாடகர் அடுத்த அறைக்குப் போய்விட்டார்!

துணியைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. வாயருகே இறுக்கிப் பிடித்து ஊத வேண்டும். துணி இல்லாதது போலவே மூச்சு மறுபுறம் சென்றால், அது பெரும்பாலும் ஒலிக்கும் வழிவிடும். மூச்சு முட்டினால் வேண்டா. பின்பு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இழைகளுக்கிடையே நுண்துளைகள் தெரிதல் வேண்டும். ஒலிபெருக்கிக்கென்றே விற்கும் பாலியெஸ்டர் வலைத்துணி மிகவும் உகந்தது. அது கிடைக்காவிட்டால், சாந்தினி சௌக்கின் கட்ரா நீல் போன்ற துணிக்கடைத் தெருவில் தேடி, மெல்லிய செயற்கை இழை ஜார்ஜெட்டை ஊதிப் பார்த்து வாங்கலாம். பருத்தியும் சணலும் கண்ணுக்கு இனியவை. ஆனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சுபவை. ஆடி மாதத்தில் ஒருவிதமாகவும் பங்குனியில் வேறுவிதமாகவும் நீண்டு சுருங்கி, நாளடைவில் தொய்ந்துவிடும். பாலியெஸ்டர் ஈரத்தை அவ்வளவாக ஏற்பதில்லை.

துணியைத் தேர்ந்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் கருதுகின்றனர். நம் அனுபவத்தில், துணி செய்யும் தீங்கைவிடச் சட்டம் செய்யும் தீங்கே பெரிது. ஒலி காற்றில் விநாடிக்குச் சுமார் 345 மீட்டர் செல்கிறது. 100 அதிர்வுகள் கொண்ட தாழ்ந்த ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய மூன்றரை மீட்டர். அதற்கு ஒன்றரை சென்டிமீட்டர் மரச்சட்டம் ஒரு பொருட்டன்று. 10,000 அதிர்வுகள் கொண்ட ஒலியின் அலைநீளமோ வெறும் மூன்றரை சென்டிமீட்டர்தான். முகப்புப் பலகையை ஒட்டிப் பரவிவரும் அந்தச் சிற்றலைக்கு, சட்டத்தின் உள்விளிம்பு செங்குத்தான மதிலாகிறது. மோதித் திரும்பும் அலை நேரே வரும் அலையோடு கலந்து, சில தொனிகளைக் கூட்டியும் சிலவற்றைக் குறைத்தும் விடுகிறது.

மதிலைச் சரிவாக்கிவிட்டால் இத்தொல்லை பெரிதும் தணியும். உள்விளிம்பை இழைப்புளியால் சாய்வாக இழைத்து, பெட்டியை ஒட்டிய பக்கத்தில் திறப்பு குறுகியும், துணியை நோக்கிய பக்கத்தில் அகன்றும் புனல்போல் அமைக்க வேண்டும். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. துணி வெளி ஓரத்தை மட்டுமே தொட்டு நிற்பதால், சட்டத்தின் வடிவம் முகத்தில் தெரியாது. துணி மரத்தில் உரசி அதிரவும் வழியில்லை. எங்கள் மிஸ்திரி, கேளாமலே உறுதிக்கென்று நடுவில் ஒரு குறுக்குக் கட்டையும் வைத்துத் தந்தார். அது ட்வீட்டருக்கு நேர் எதிரே நின்றது. குறுக்குக் கட்டை வேண்டுமென்றால் ட்வீட்டரை விட்டு விலகியே நிற்க வேண்டும் என்பதை முன்கூட்டிச் சொல்லிவிடுவது நலம்.

அளவுகளுக்கு வருவோம். பெட்டியின் முகப்பு 20 சென்டிமீட்டர் அகலம், 35 சென்டிமீட்டர் உயரம் எனக் கொள்வோம். துணி விளிம்பைச் சுற்றி மடிய வேண்டுமாதலால், சட்டத்தை ஒவ்வொரு பக்கமும் 2 மில்லிமீட்டர் குறைத்து, 19.6-க்கு 34.6 ஆகச் செய்ய வேண்டும். பெரிய கூம்பின் ரப்பர் வளையம் முகப்பிலிருந்து எவ்வளவு புடைத்திருக்கிறது என்று அளந்து, அத்துடன் குறைந்தது ஒரு சென்டிமீட்டர் கூட்டினால் சட்டத்தின் கனம் கிடைக்கும். வளையம் 5 மில்லிமீட்டர் புடைத்திருந்தால் கனம் 15 மில்லிமீட்டர். உரத்த ஒலியில் கூம்பு முன்னோக்கிப் பாயும். துணியில் இடித்தால் பறையடித்தாற்போல் கேட்கும். தேக்கு ரீப்பராயினும் நல்ல பிளைவுட்டாயினும் சரி, உள்முகத்துக்கு மங்கலான கறுப்பு வர்ணம் பூசிவிட வேண்டும். இன்றேல் மெல்லிய துணியின் வழியே வெள்ளை மரம் எட்டிப் பார்க்கும்.

துணியைக் கட்டும்போது முதலில் நான்கு பக்கங்களின் நடுவிலும் எதிரெதிராக ஸ்டேப்ளர் ஊசி அடித்துக்கொண்டு, அங்கிருந்து மூலைகளை நோக்கி மாறி மாறிச் செல்ல வேண்டும். நாடாக் கட்டில் பின்னுவோர் இழுவையைச் சமமாக வைத்துக்கொள்வதை நினைவிற் கொள்க. நெசவின் இழை சட்டத்துக்கு நேராக ஓடட்டும்; கோணினால் கண் அதையே பார்த்துக்கொண்டிருக்கும். மூலையில் மிஞ்சும் துணியை வெட்டி மெலிதாக்காவிட்டால் சட்டம் பெட்டியில் படியாது.

கழற்றி மாட்டுவதற்குப் பழைய முறை மரமுளைகளும் குழிகளும். நியோடிமியம் காந்தங்கள் வந்தபின் வேலை எளிதாயிற்று. சட்டத்தின் நான்கு மூலைகளிலும் சிறு குழி தோண்டி, ஒவ்வொன்றிலும் ஒரு காந்த வில்லையை அரால்டைட்டால் பதித்து, பெட்டியில் அவற்றுக்கு நேராக நான்கு இரும்புத் திருகாணிகளைத் தலை மட்டமாக முடுக்கினால் போதும். துருப்பிடிக்காத எஃகில் பல வகைகளைக் காந்தம் கவராது. ஆதலால் சாதாரண இரும்பே நல்லது. துளையிடும்போது ஸ்பீக்கர்களை வெளியே எடுத்துவிட வேண்டும். ட்வீட்டரின் காந்தம் இரும்புத் துகளையும் தவறி விழும் திருகாணியையும் தன்பால் இழுத்து, குமிழையே கிழித்துவிடக்கூடும். இவற்றினும் முக்கியமானது ஒன்று: இக்காந்த வில்லைகளை இரண்டு மூன்றாகக் குழந்தை விழுங்கிவிட்டால், அவை குடற்சுவர்களை நடுவே வைத்து ஒன்றையொன்று கவ்வி, உயிருக்கே ஆபத்து விளைவிக்கும். குழந்தையின் விரலைத் தடுக்கவென்று கட்டிய திரையே குழந்தைக்கு வினையாகலாகாது. பசை நன்கு இறுகும்வரை ஒரு நாள் பொறுத்து, ஒவ்வொரு வில்லையையும் நகத்தால் நெம்பிப் பார்த்த பின்னரே மேலே துணியைக் கட்டினோம். மீந்த வில்லைகள் பூட்டிய பெட்டிக்குள் போயின.

சட்டத்துக்கும் பெட்டிக்கும் இடையே கம்பளித் துணியின் சிறு துண்டுகளை ஒட்டினால் கிடுகிடுப்பு எழாது. எழுந்தால், கடத்தின் கும்கி கேட்கும் இசைத்தட்டை ஓடவிட்டு, விரலால் சட்டத்தை அங்கங்கே அழுத்திக்கொண்டே வர, எவ்விடத்தில் ஓசை நிற்கிறதோ அவ்விடமே குற்றவாளி.

கடைசிச் சோதனைக்கு இருவர் வேண்டும். ஒருவர் கண்ணை மூடி அமர்ந்து தம்புராவைக் கேட்க, மற்றவர் சொல்லாமல் திரையை எடுப்பதும் வைப்பதுமாயிருக்க வேண்டும். ஜன்னல் துணித் திரையை நாங்கள் பத்துக்குப் பத்து முறையும் கண்டுபிடித்தோம். சாய்த்த சட்டத்தில் வலைத்துணி கட்டிய திரையை, பத்தில் ஆறு முறைதான் சரியாகச் சொன்னோம். அது நாணயத்தைச் சுண்டிச் சொல்வதற்கு ஈடு. பேரன் அடுத்த விடுமுறைக்கு வந்தபோது நேரே பெட்டியிடம் சென்றான். விரல் துணியில் பட்டது. துணி மெத்தென்று உள்வாங்கி மீண்டது. சற்று நேரம் யோசித்துவிட்டு, மின்விசிறியின் சுவிட்சைத் தேடிப் போனான்.