ஆட்டின் இரைப்பையும் மனிதத் தோலும்

2019 டிசம்பர் 9 பிற்பகலில் நியூஸிலாந்தின் ஃபகாரி தீவு எரிமலை வெடித்தபோது, சுற்றுலாப் பயணிகளும் வழிகாட்டிகளுமாக 47 பேர் தீவில் இருந்தார்கள். 22 பேர் உயிரிழந்தார்கள். மீட்கப்பட்டவர்களின் உடம்பைக் கொதிநீராவியும் அமிலச் சாம்பலும் சேர்ந்து சுட்டிருந்தன. இரண்டு நாளில், தேசியத் தீக்காய மையம் இயங்கும் ஆக்லாந்தின் மிடில்மோர் மருத்துவமனை வழியாக ஓர் அறிவிப்பு வந்தது: சிகிச்சைக்காக அமெரிக்காவிலிருந்து 12 லட்சம் சதுர சென்டிமீட்டர் மனிதத் தோல் வரவழைக்கிறோம்.

அதாவது 120 சதுர மீட்டர். ஒரு பெரியவரின் மொத்தத் தோலே சுமார் இரண்டு சதுர மீட்டர்தான். அதிலும் முதுகு, தொடை போன்ற இடங்களிலிருந்து மெல்லிய ஏடாக மட்டுமே எடுப்பார்கள். எத்தனை பேர் இறந்தபின் கொடுத்த கொடையாக இருக்கும் அது! அத்தனையும் தற்காலிகக் காப்புதான். பிறர் தோலை உடல் இரண்டு, மூன்று வாரங்களில் ஏற்க மறுத்துவிடும். அதுவரை உடலின் நீர் வெளியேறாமல், கிருமி உள்ளே நுழையாமல் காக்கும். நிலையாக ஒட்டுவது நோயாளியின் சொந்தத் தோல்தான். உடம்பில் முக்கால்வாசி வெந்தவருக்கு அதை எங்கிருந்து எடுப்பது?

ஆய்வகத்தில் வளர்க்கலாம் என்று 1975இல் காட்டினார்கள் அமெரிக்க விஞ்ஞானிகள் ஜேம்ஸ் ரைன்வால்டும் ஹோவர்ட் கிரீனும். தபால்தலை அளவுத் தோலிலிருந்து செல்களைப் பிரித்துப் பெருக்கினால் சில வாரங்களில் ஏடு ஏடாக மேல்தோல் கிடைக்கும். உயிர்களைக் காப்பாற்றிய முறை இது. ஆனால் அந்த ஏடு சில செல்களின் கனமே கொண்டது. உராய்ந்தால் கொப்புளிக்கும், உரிந்து வரும். தோலின் வலுவும் நெகிழ்வும் அடித்தோலில் இருக்கின்றன. அங்கே செல்களைத் தாங்கி நிற்பது கொலாஜன் என்ற இயற்கைப் பாலிமர். அடித்தோலைச் செய்யாமல் தோலைச் செய்ய முடியாது.

ஜான் பர்க் என்ற அறுவை மருத்துவரும் யான்னஸ் என்ற பாலிமர் விஞ்ஞானியும் 1981இல் மாட்டுக் கொலாஜனையும் சுறாவின் குருத்தெலும்பிலிருந்து எடுத்த பொருளையும் கலந்து நுண்துளைப் படலம் ஒன்றைச் செய்து, மேலே சிலிக்கோன் போர்த்தினார்கள். கட்டடத்துக்குச் சாரம் கட்டுவது மாதிரிதான். நோயாளியின் செல்கள் அதற்குள் ஏறிக் குடியேறும், ரத்தக் குழாய்கள் நுழையும், புதிய அடித்தோல் எழும்ப எழும்பப் பழைய படலம் கரைந்துபோகும். பின்னாளில் ஆஸ்திரேலியர்கள் இதே வேலைக்கு உடலில் மெல்லச் சிதையும் பாலியூரித்தேனைக் கொண்டுவந்தார்கள்.

ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராட் டன்பார் குழு எடுத்துக்கொண்ட வேலை இன்னும் கடினமானது: நோயாளியின் செல்களிலிருந்தே மேல்தோல், அடித்தோல் இரண்டையும் சேர்த்து வளர்ப்பது. அதே நகரின் மாங்கரே பகுதியில், கால்நடை மருத்துவம் படித்த பிரையன் வார்ட் நிறுவிய அரோவா நிறுவனம் வேறொரு வழியில் போனது. ஆட்டின் முன் இரைப்பைச் சுவரிலிருந்து ஒரு படலத்தைப் பிரித்து, செல்கள் அத்தனையையும் நீக்கி, கொலாஜன் பின்னலை மட்டும் அப்படியே எஞ்சவிடுகிறது. நம் வீடுகளில் குடல்குழம்புக்குச் சுண்ணாம்பு போட்டுத் தேய்த்துக் கழுவும் அதே இரைப்பைதான்! கொலாஜனைக் கரைத்து மறுபடி வார்த்தால் அதன் இயல்பான நெசவு போய்விடும், இதில் போவதில்லை. மனிதர்களைவிட ஆடுகள் பல மடங்கு அதிகமாக இருக்கும் நாட்டில், இறைச்சிக் கூடத்தில் மலிவாகக் கிடைப்பது ஆறாத கால்புண்ணுக்கு மருந்தாகிறது. சர்க்கரை நோயாளிகளின் ஆறாப் புண்களுக்கு இந்தப் படலம் பயன்படுகிறது என்பதே என்னை மிகவும் ஈர்த்த செய்தி. சர்க்கரைப் புண்ணால் விரலையோ காலையோ இழந்த ஒருவர் நம் சொந்தபந்தத்தில் இல்லாத குடும்பம் உண்டா?

கையில் இருப்பதிலிருந்து தொடங்கினார்கள் ஆக்லாந்துக்காரர்கள். நம்மிடம் இல்லாததா? வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை என்று, கொலாஜன் நிறைந்த தோலைப் பதனிடும் ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. 1948இல் தொடங்கிய அடையாறு மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் கொலாஜனிலிருந்து தீக்காயத்துக்கான படலங்களை உருவாக்கியிருக்கிறது. இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 70 லட்சம் பேருக்குத் தீக்காயம் என்பது அரசுத் திட்ட ஆவணங்கள் சொல்லும் மதிப்பீடு. சமையலறை நெருப்பு, பட்டாசு ஆலை வெடிப்பு என்று சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவுக்கு வருபவர்கள் பெரும்பாலும் ஏழைகள். வெளிநாட்டுப் படலத்தின் விலை அவர்களுக்கு எட்டாது. இங்கே செய்து, அரசு மருத்துவமனைப் படுக்கை வரை இலவசமாகக் கொண்டுசேர்க்க வேண்டும். இதில் தாமதத்துக்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

எவ்வளவு திறமையாக வளர்த்தாலும் சொந்தத் தோல் தயாராக வாரங்கள் ஆகும். அந்த வாரங்களைத் தாண்ட அன்று ஆக்லாந்துக்கும் தானத் தோல்தான் தேவைப்பட்டது. கோவை கங்கா மருத்துவமனை போன்ற இடங்களில் தோல் வங்கி இருக்கிறது. இறந்து ஆறு மணி நேரத்துக்குள் தகவல் கொடுத்தால் குழு வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்ளும். ரத்த வகை பொருந்த வேண்டியதில்லை. எடுத்த இடத்தில் கட்டுப் போட்டுவிடுவார்கள். உடல் சிதையாது, இறுதிச் சடங்குக்கும் தடையில்லை.