ஆடாத ஊஞ்சல்

"ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!" என்று கூவிக்கொண்டு தெருவில் வரும் ஆசாமியை இந்தக் காலத்துக் குழந்தைகள் பார்த்திருக்க மாட்டார்கள். அவருடைய வாரிசு இப்போது மோட்டார் வண்டியில் ஒலிபெருக்கியுடன் வருகிறார். பேரீச்சம்பழம் கிடையாது, கையில் ரொக்கம். மற்றபடி விஷயம் பழைய விஷயம்தான். நாம் "தொலைந்தது சனியன்" என்று தூக்கிக் கொடுக்கிறோம். அவர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போகிறார்.

செங்கற்பட்டில் எங்கள் வீட்டிலிருந்து அப்படிப் போனவற்றுக்குக் கணக்கே இல்லை. பித்தளை அண்டா, கூஜா, தையல் மெஷினின் இரும்புக் கால் என்று வரிசையாகப் போய், கடைசியில் கொல்லைப்புறத்து ஆட்டுக்கல்லும் போயிற்று. அதை நகர்த்த மூன்று ஆட்கள் வேண்டியிருந்தது. அப்போது அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கிரைண்டர் வந்து வெகு காலம் ஆகியிருந்தது.

போன மாதம் ஒரு கல்யாண வரவேற்புக்காக அம்மாவை மாமல்லபுரம் சாலையிலுள்ள ஒரு கடற்கரை விடுதிக்கு அழைத்துப் போயிருந்தேன். வாசலில் பெரிய ஆட்டுக்கல் ஒன்று வீற்றிருந்தது. குழி நிறையத் தண்ணீர். மேலே ரோஜா இதழும் சாமந்தியும் மிதந்தன. வருகிறவர்கள் எல்லாம் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அம்மா மட்டும் குனிந்து, கல்லின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இருபது வருஷம் இது முன்னாலே உட்கார்ந்திருக்கேன்டா. சரஸ்வதி பூஜைக்குப் பொட்டு வெச்சதோட சரி. இப்படிப் பூப் போட்டு வைக்கலாம்னு எனக்குத் தோணவே இல்லை, பார்!"

எங்கள் ஆட்டுக்கல் அது இல்லைதான். ஆனால் அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

இடம் பெயர்ந்த வீடுகள்

இந்தக் கடற்கரைச் சாலையில் பழசுக்குப் புது வாழ்வு கொடுக்கும் காரியம் எவ்வளவு பெரிய அளவில் நடந்திருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால், முட்டுக்காட்டில் இறங்க வேண்டும். அங்கேதான் தட்சிணசித்ரா இருக்கிறது. மேஜை நாற்காலியை அல்ல, முழு முழு வீடுகளையே பிரித்துக் கொண்டுவந்து அங்கே மறுபடி எழுப்பியிருக்கிறார்கள்!

அமெரிக்காவில் பிறந்து, தமிழ்நாட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர் டெபோரா தியாகராஜன். செட்டிநாட்டுப் பக்கம் சுற்றியபோது, அரண்மனை போன்ற வீடுகள் இடிபட்டு, மரம் தனி, கல் தனி என்று விலை போவதை அவர் பார்த்தார். 1984-ல் மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு உருவாயிற்று. 1996 டிசம்பரில் தட்சிணசித்ரா பொது மக்களுக்குத் திறக்கப்பட்டது. செட்டிநாட்டு வியாபாரி வீடு, காஞ்சிபுரத்து நெசவாளி வீடு, தஞ்சாவூர்ச் சீமை உழவர் வீடு, நெல்லைச் சீமை ஆம்பூர் அக்கிரகாரத்து வீடு, கேரளத்துப் புதுப்பள்ளி கிறிஸ்தவர் வீடு என்று தென்னாட்டின் நான்கு திசைகளும் அங்கே அடுத்தடுத்த வாசல்களாக நிற்கின்றன.

இந்த இடத்துக்குத் திட்டம் போட்டுக் கொடுத்தவர் லாரி பேக்கர். 1917-ல் இங்கிலாந்தில் பிறந்து, கேரளத்திலேயே தங்கி, 2007-ல் காலமான கட்டடக் கலைஞர். இடித்த வீட்டுக் கதவையும் ஜன்னலையும் தேடிப் பிடித்துப் புது வீட்டில் பூட்டுவது அவருக்குக் கைவந்த பழக்கம். திருவனந்தபுரத்தில் அவர் தமக்குக் கட்டிக்கொண்ட வீட்டிலும் பிறர் கழித்த சாமான்கள் ஏராளம். சிக்கனமும் அழகும் சக்களத்திகள் அல்ல, ஒரே வயிற்றுச் சகோதரிகள் என்பதைப் பேசிக் காட்டாமல் கட்டியே காட்டியவர் அவர்.

செட்டிநாட்டு வீட்டுத் தூண்களைத் தட்டிப் பார்த்தால் கணீரென்று இருக்கிறது. பர்மாத் தேக்கு! நகரத்தார் பர்மாவில் லேவாதேவி நடத்திய காலத்தில் கப்பல் கப்பலாக வந்த மரம். 1930-களில் வியாபாரம் சரிந்தது. 1942-ல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தனர். அதன் பிறகு செட்டிநாட்டில் பல வீடுகளைப் பராமரிக்க வழியில்லாமல் போயிற்று. ஒரு வீட்டுக்கு ஐம்பது பங்காளிகள் என்று ஆனதும் கதவுக்குச் சீட்டு கிழிந்தது. காரைக்குடியில் முனீசுவரன் கோயில் தெருவுக்குப் போனால் அந்த வீடுகளின் மிச்ச மீதியைக் கடை கடையாகப் பார்க்கலாம். மரவை, பீங்கான் ஜாடி, எனாமல் தூக்கு, மரப்பெட்டி, ரவிவர்மா படம், எல்லாம் உண்டு.

இங்கேதான் மனசு கொஞ்சம் தயங்குகிறது. பழைய கதவை வாங்கி, மேலே கண்ணாடி போட்டு, நடு ஹாலில் மேஜையாக வைத்தால் அழகுதான். ஆனால் கதவுக்குக் கிராக்கி ஏற ஏற, நிற்கிற வீட்டையும் இடிக்கலாம் என்ற ஆசை ஒருவருக்கு வந்துவிடும். ஆகவே, தானாக விழுந்ததை எடுத்து வாழவைப்பது புண்ணியம். நமக்காக ஒன்றை விழவைப்பது அப்படி அல்ல. விக்கிரகமோ, கோயில் தேரின் சிற்பமோ என்று சந்தேகம் தட்டினால் கிட்டவே போகாதீர்கள். நூறு வயது கடந்த கலைப் பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972-ஆம் வருஷத்துச் சட்டம் தடுக்கிறது என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

பரணில் கிடந்த பலகை

முட்டுக்காட்டிலிருந்து திரும்பியதும் நான் செய்த முதல் காரியம் பரண்மேல் ஏறியதுதான். தலையணைப் பஞ்சு, பழைய பஞ்சாங்கம், எலிப் புழுக்கை இவற்றுக்கு அடியில் தாத்தாவின் ஊஞ்சல் பலகை கிடந்தது. ஐந்தடி நீளம். மேலே யாரோ ஒரு புண்ணியவான் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தார். சங்கிலி எப்போதோ போய்விட்டது.

தச்சு வேலை செய்யும் ஆசாரி ஒருவரை அழைத்து வந்தேன். அவர் நகத்தால் ஓரத்தைக் கீறி, மோந்து பார்த்து, "தேக்கு சார், இதைச் செல் தொட்டிருக்காது" என்றார். தேக்கின் உடம்பிலேயே எண்ணெய்ப் பசை உண்டு. கரையானுக்கு அது ஆகாது. வண்டு துளைத்து மாவு கொட்டுகிறதா என்றும் புரட்டிப் பார்த்தார். இல்லை.

வீட்டிலேயே இந்த வேலையில் இறங்க நினைக்கும் நேயர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பழைய பெயிண்டில் ஈயம் கலந்திருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் கூடாது என்ற விதியே 2017 நவம்பரில்தான் அமுலுக்கு வந்தது. ஆகவே உலர்ந்த பெயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்துச் சுரண்டுங்கள், மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள், குழந்தைகளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பெயிண்ட் முழுதும் போன பிறகுதான் உப்புத்தாள். முதலில் முரடு, பிறகு நைஸ். எப்போதும் மரத்தின் ரேகையோடு தேய்க்க வேண்டும், குறுக்கே அல்ல. கடைசியில் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைத் துணிப் பந்தில் நனைத்து, மெல்லிசாகப் பல தடவை பூசினால் பளபளப்பு வந்துவிடும். பிரெஞ்சு பாலிஷ் என்று பெரிய பெயர் சொன்னாலும், அடிப்படை நம் ஊர் அரக்குதான்! பித்தளைச் சாமானுக்குப் புளியை மிஞ்சியது இன்றும் கிடையாது. ஆனால் ஈயப் பூச்சுப் போன பழைய பித்தளையில் புளிக் குழம்பு வைத்துவிடாதீர்கள்; அதில் பூந்தொட்டி வையுங்கள், குடை வையுங்கள்.

பச்சைப் பெயிண்ட் விலகியதும் பலகையின் ஒரு மூலையில் சின்னச் சின்னக் குழிகள் தெரிந்தன. ஒரு கை அகலத்துக்கு, அம்மை வடுப் போல. ஆசாரி அம்மாவிடம் கேட்டார்:

"அம்மா, இதை மெழுகு வெச்சு அடைச்சுடட்டுமா? கண்ணுக்கே தெரியாது."

அம்மா கிட்ட வந்து பார்த்தாள். "வேண்டாம்ப்பா, இருக்கட்டும். மாமனார் வெத்திலை இடிச்ச இடம் அது. பல் போனப்புறம் சின்ன உரலை இங்கே வெச்சுண்டுதான் இடிப்பார். நாலு மணிக்கு இந்தச் சத்தம் கேட்டாத்தான் நான் காப்பிக்கு அடுப்பு மூட்டுவேன்" என்றாள்.

நான் பிறக்கும் முன்பே தாத்தா போய்விட்டார். அவருடைய சத்தத்தை நான் முதல் முதலாகக் கேட்டது அன்றுதான்.

எங்கள் கூடத்தில் கொக்கி கிடையாது. மேல் தளம் தாங்குமா என்பதும் சந்தேகம். ஆகவே பழைய இரும்புக் கடையில் தையல் மெஷின் கால்கள் இரண்டு ஜோடி வாங்கினேன். அந்தக் காலத்தில் நாங்கள் கொடுத்த மாதிரியே இருந்தன. விலை மட்டும் அப்படி இல்லை! மண்ணெண்ணெய் போட்டுத் துரு துடைத்து, கறுப்பு அடித்து, மேலே பலகையைப் பூட்டினார் ஆசாரி. இரண்டு நாள் வேலை. கூடத்து ஜன்னலோரம் அருமையான பெஞ்சு ஒன்று வந்துவிட்டது.

வருகிறவர்கள் எல்லாம் "எங்கே வாங்கினீர்கள்?" என்று கேட்கிறார்கள். அடுத்த தடவை தெருவில் ஒலிபெருக்கிச் சத்தம் கேட்கும்போது நீங்களும் ஒரு நிமிஷம் உங்கள் பரணை நினைத்துப் பாருங்கள். எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள முடியாது, வாஸ்தவம். எதற்கு ஒரு கதை உண்டோ அதையாவது கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

முதல் நாள் அம்மா அதில் உட்கார்ந்தாள். கையில் காப்பி டம்ளர். அவளை அறியாமலே கால் தரையை உந்தியது. பெஞ்சு அசையவில்லை. அம்மா என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மறுபடியும் ஒரு தரம் உந்தினாள்.