பழைய மடிக்கணினியும் பேசாத வைஃபை அட்டையும்

பழுதுற்றன என்று நாம் ஒதுக்கிவைக்கும் பொருள்களுள் பல உண்மையில் பழுதுற்றவை அல்ல. அவற்றோடு பேசுதற்குரிய மொழி நம்மிடம் இல்லை, அவ்வளவே. இவ்வுண்மையை நம் இல்லங்களிலுள்ள பழைய மடிக்கணினிகள் இன்று நன்கு உணர்த்துகின்றன.

விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்திற்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது. அடுத்து வந்த விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பு முதலியவற்றை வேண்டி நிற்பதால், பத்தாண்டுகட்கு முற்பட்ட கணினிகள் அதற்குத் தகுதி பெறுவதில்லை. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாடகை வீட்டில் வாழ்ந்து, மாத வருவாயில் ஒரு பகுதியை ஊருக்கும் அனுப்பிவரும் குடும்பத்திற்குப் புதுக் கணினி வாங்குதல் எளிய செயலன்று. ஆதலின் விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் பக்கம் பலர் திரும்புகின்றனர். உபுண்டு, மின்ட், டெபியன் ஆகியவற்றோடு, சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ என்பதும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே.

புதிய இயங்குதளத்தை நிறுவியதும் திரை ஒளிர்கின்றது, விசைப்பலகை இயங்குகின்றது, பாட்டும் கேட்கின்றது. ஆனால் வைஃபை மட்டும் தோன்றுவதில்லை. பிள்ளையின் பாடமும், ஊரிலுள்ள பாட்டியின் முகம் கண்டு பேசும் பேச்சும் அங்கேயே நின்றுவிடுகின்றன. கடைக்குக் கொண்டுசென்றால், ‘கார்டு போய்விட்டது, பழைய இரும்புக்குப் போடுங்கள்’ என்னும் விடை கிடைத்தலும் உண்டு. அவ்விடையை ஏற்குமுன் நாம் சற்றே ஆராய்தல் வேண்டும்.

அட்டை ஏன் பேசுவதில்லை?

தமிழ் மட்டுமே அறிந்த ஒருவர் முதன்முதலாக ஹௌரா நிலையத்தில் வந்திறங்குகின்றார் என்று கொள்வோம். அவர் வாய் திறவாதிருப்பதால் அவரை ஊமை என்று கூறலாமா? அங்குள்ளோர் மொழியை அவர் அறியார். அவர் மொழியை அங்குள்ளோர் அறியார். இடையே ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தால் போதும். கணினியில் இவ்வேலையைச் செய்வது டிரைவர் எனப்படும் இயக்கி. இயங்குதளம் இடும் கட்டளையை அட்டை அறியும் வகையில் மாற்றிக் கொடுப்பது அதுவே.

இயக்கி மட்டும் இருந்தாலும் போதாது. அட்டைக்குள் ஒரு சிறு செயலி உண்டு. அது செய்யவேண்டிய பணிகளைக் கூறும் நிரலை ஃபர்ம்வேர் என்பர். பல அட்டைகள் இந்நிரலைத் தம்முள் நிலையாக வைத்திருப்பதில்லை. கணினியை இயக்கும் ஒவ்வொரு முறையும் அதனைப் புதிதாக ஊட்டவேண்டும். இவ்விரண்டனுள் ஒன்று இல்லையாயினும் அட்டை பேசாது. விண்டோஸில் இவ்விரண்டையும் உற்பத்தியாளரே சேர்த்து வழங்கிவிடுவதால், அவை உள்ளன என்பதையே நாம் அறியாதிருந்தோம்.

மறைக்கப்பட்ட மொழி

பழைய மடிக்கணினிகள் பலவற்றிலும் இருப்பவை பிராட்காம் நிறுவனத்தின் பிசிஎம்43 என்று தொடங்கும் அட்டைகள். அவை இயங்கும் முறையை அந்நிறுவனம் அந்நாளில் வெளியிடவில்லை. ஆகவே, ஆர்வலர் சிலர் வியக்கத்தக்க ஒரு வழியைக் கையாண்டனர். ஒரு குழுவினர் நிறுவனத்தின் இயக்கியைப் பிரித்து ஆராய்ந்து, அட்டை எவ்வாறு நடக்கின்றது என்பதை மட்டும் குறிப்புகளாக எழுதிவைத்தனர். மற்றொரு குழுவினர் மூல நிரலைக் காணாமலே, அக்குறிப்புகளை மட்டும் துணையாகக் கொண்டு புதிய இயக்கியை எழுதினர். பிறர் நிரலைப் படியெடுத்தனர் என்னும் பழி எழாதிருக்கவே இவ்வேற்பாடு. அவ்வியக்கி 2006 ஜூன் திங்களில் வெளிவந்த லினக்ஸ் 2.6.17இல் இடம்பெற்றது. அதன் வழிவந்த ‘பி43’ என்னும் இயக்கி 2008 ஜனவரியில் வந்த 2.6.24இல் சேர்ந்தது. பின்னர் 2010 செப்டம்பரில் பிராட்காம் நிறுவனமே தன் புதிய அட்டைகள் சிலவற்றிற்குத் திறந்த இயக்கியை வெளியிட்டது.

இடைக்காலத்தில் ‘என்டிஸ்ராப்பர்’ என்னும் ஒரு துபாசியும் இருந்தது. விண்டோஸுக்கென எழுதிய இயக்கியையே லினக்ஸில் அமர்த்தி, இரண்டிற்குமிடையே மொழிபெயர்த்தது அது. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை துய்ப்ளேக்குத் துபாசியாய் இருந்ததுபோல, அந்நாளில் அது பெரும்பணி ஆற்றிற்று. இன்று அதனை நாடவேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை.

இயக்கி கிடைத்தும் ஒரு குறை எஞ்சியது. பி43க்கு வேண்டிய ஃபர்ம்வேரைப் பிறர் எடுத்து வழங்க உரிமை இல்லை. டெபியன் 12, 2023 ஜூனில் வந்தபோது பலவகை ஃபர்ம்வேர்களைத் தன் நிறுவுவட்டிலேயே சேர்த்துக்கொண்டது. ஆயினும் இவ்வொன்றை அவ்வாறு சேர்க்க இயலவில்லை. பயனரே இணையத்திலிருந்து பெறவேண்டும். இணையம் பெறுதற்கு அட்டை வேண்டும். அட்டை இயங்குதற்கு இணையம் வேண்டும்! இம்முடிச்சை அவிழ்க்கும் வகையைக் கீழே காண்போம்.

செய்யவேண்டுவன

முதலாவது: பூட்டைப் பார்த்தல். பழைய மடிக்கணினிகளின் ஓரத்திலோ விசைப்பலகையின் மேல்வரிசையிலோ வைஃபையை நிறுத்தும் பொத்தான் ஒன்று இருக்கும். டெர்மினல் என்னும் கட்டளைச் சாளரத்தில் ‘ஆர்எஃப்கில் லிஸ்ட்’ என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில் இட்டால், அட்டை பொத்தானால் அடைபட்டுள்ளதா, மென்பொருளால் அடைபட்டுள்ளதா என்பது தனித்தனியே தெரியும்.

இரண்டாவது: எண்ணை அறிதல். மடிக்கணினியின் மூடியில் உள்ள பெயர் இங்கே பயன்படாது; ஒரே பெயருடைய கணினிகளில் வெவ்வேறு அட்டைகள் இருத்தல் கூடும். எல், எஸ், பி, சி, ஐ என்னும் ஐந்து எழுத்துக்களை இடைவெளியின்றி இட்டு, ஓர் இடம் விட்டு, ஒரு சிறுகோடும் இரண்டு ‘என்’ எழுத்துக்களும் இடுக. வரும் பட்டியலில் ‘நெட்வொர்க் கண்ட்ரோலர்’ என்னும் வரியின் இறுதியில், முக்காற்புள்ளியால் பிரிந்த எண்ணிணை ஒன்று காணப்படும். முற்பகுதி செய்தவரைக் குறிக்கும். 8086 என்றால் இன்டெல், 14ஈ4 என்றால் பிராட்காம். பிற்பகுதி அட்டையின் வகை. 14ஈ4:4315 என்றிருப்பின் அது பிசிஎம்4312 ஆகும். இவ்வெண்ணிணையே அட்டையின் மெய்ப்பெயர். எவரிடம் உதவி கேட்பினும் இதனைக் கூறிக் கேட்டல் வேண்டும்.

மூன்றாவது: தற்காலிக இணையம். இங்கேதான் அம்முடிச்சு அவிழ்கின்றது. ஆண்ட்ராய்டு கைப்பேசியை யுஎஸ்பி வடத்தால் கணினியோடு இணைத்து, கைப்பேசி அமைப்பில் ‘யுஎஸ்பி டெதரிங்’ என்பதை இயக்குக. வைஃபை இல்லாமலே கணினிக்கு இணையம் வந்துவிடும். ரௌட்டரிலிருந்து கம்பி இழுத்தாலும் நன்றே.

நான்காவது: உரியதை நிறுவுதல். உபுண்டுவில் ‘கூடுதல் இயக்கிகள்’ என்னும் பகுதியும், மின்டில் ‘இயக்கி மேலாளர்’ என்னும் பகுதியும் தக்கதைத் தாமே காட்டுவதுண்டு. டெபியனில் பி43 அட்டைகட்கு ‘ஃபர்ம்வேர்-பி43-இன்ஸ்டாலர்’ என்னும் தொகுப்பை நிறுவி, கணினியை நிறுத்தி மீண்டும் இயக்குக.

இரண்டு எச்சரிக்கைகள்

பிராட்காம் தானே வழங்கிய ‘டபிள்யுஎல்’ என்னும் உட்பகுதி மூடிய இயக்கியும் உண்டு. அதுவும் பி43உம் ஒரே அட்டைக்கு உரிமை கொண்டாடும். ஆகவே இரண்டனுள் ஒன்றையே வைத்துக்கொள்க. விண்டோஸ் 8 காலம் முதல் வந்த கணினிகளில் ‘செக்யூர் பூட்’ என்னும் காவல் உண்டு. ஒப்பம் இல்லாத இயக்கியை அது உள்ளே விடாது. நிறுவும்போது கடவுச்சொல் ஒன்றைக் கேட்டால் அதனைக் குறித்துவைத்து, மறுமுறை கணினி எழும்போது தோன்றும் நீலத்திரையில் அச்சொல்லைக் கொடுத்துச் சாவியைப் பதிவு செய்தல் வேண்டும்.

மற்றொன்று, அட்டை இயங்கியும் வீட்டு வைஃபையின் பெயர் தெரியாதிருத்தல். பிசிஎம்4312 போன்றவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மட்டுமே அறிவன. 5 கிகாஹெர்ட்ஸ் அலை அவற்றின் செவியில் விழாது. ரௌட்டரில் 2.4 அலையைத் திறந்துவைத்து, டபிள்யுபிஏ2 வகைப் பாதுகாப்பை அமைத்தால் குறை தீரும். இதனை அறியாது நல்ல அட்டையைக் குறைகூறுதல் தகாது.

இவையெல்லாம் செய்தும் இயலவில்லையெனின், கணினியைக் கைவிடவேண்டா. லினக்ஸ் தன்னுள்ளேயே இயக்கியைக் கொண்டிருக்கும் யுஎஸ்பி வைஃபை அட்டை ஒன்று போதும். ஏஆர்9271 சில்லு உள்ளவை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தில்லியின் நேரு பிளேஸிலோ மும்பையின் லாமிங்டன் சாலையிலோ கேட்கும்போது, பெட்டியின் மேலுள்ள பெயரைக் கேளாது, உள்ளிருக்கும் சில்லின் பெயரைக் கேட்டு வாங்குக. உள் அட்டையையே மாற்ற விரும்புவோர் ஒன்றை நினைவிற்கொள்க: சில மடிக்கணினிகள் தம் பட்டியலில் இல்லாத அட்டையை ஏற்கா.

இன்னும் விண்டோஸை நீக்காதிருப்போர்க்கு ஒரு சொல். லினக்ஸை யுஎஸ்பி துண்டில் ஏற்றி, கணினியில் எதையும் அழிக்காமலே அதிலிருந்து இயக்கிப் பார்க்க இயலும். வைஃபை அங்கே தோன்றுகின்றதா என்று கண்டு, படங்களையும் கடிதங்களையும் வேறிடத்தில் காத்துவைத்து, அதன்பின் நிறுவுக. கணினி பயிலும் இளைஞர் நம் குடும்பங்களில் பலர் உளர். அட்டையின் எண்ணிணையை ஒரு தாளில் எழுதி அவர்களிடம் காட்டுவீராயின், இரும்புக் கடைக்குப் போகவிருந்த கணினி மீண்டும் பிள்ளையின் படிப்பு மேசைக்கு வந்துசேரும்.