சிஸ்டர், இந்தக் குழாய் இன்னும் வேணுமா?

ஐ.சி.யூ. கட்டிலில் கிடக்கும் ஒருவரின் உடலில் எத்தனை குழாய்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். தொண்டை வழியே மூச்சுக்குழலுக்குள் வென்டிலேட்டர் குழாய். மூக்கு வழியே இரைப்பைக்கு உணவுக் குழாய். சிறுநீர்ப்பைக்கு ஒன்று. புறங்கையில் டிரிப்ஸ் ஏற்றுவதற்கு ஒன்று. கழுத்துச் சிரையில் நுழைந்து இதயத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும் ‘சென்ட்ரல் லைன்’ வேறு. இவை இல்லாமல் இன்றைய தீவிர சிகிச்சை இல்லை. அதேசமயம், தோலும் சளிப்படலமும் காவல் காக்கும் உடலுக்குள் கிருமி நுழைய இவை ஒவ்வொன்றும் ஒரு வழி.

மருத்துவமனையில் சேரும்போது இல்லாமல், சேர்ந்து 48 மணி நேரத்துக்குப் பிறகு தலைகாட்டும் தொற்றைப் பொதுவாக ‘மருத்துவமனைத் தொற்று’ என்கிறார்கள். உள்நோயாளிகளாகச் சேரும் 100 பேரில் பணக்கார நாடுகளில் 7 பேருக்கும், மற்ற நாடுகளில் 15 பேருக்கும் இப்படி ஒரு தொற்றாவது வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஆன்டிபயாடிக் மருந்துகள் பலனிழந்துவருவதைப் பற்றிப் பேசும்போது, சீட்டில்லாமல் மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் மாத்திரைதான் நம் நினைவுக்கு வருகிறது. அது பாதிக் கதை. மருந்துக்கு அசையாத கிருமி உருவாவது ஒன்று, ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்கு அது போய்ச் சேர்வது இன்னொன்று. இரண்டாவது பாதியை நிறுத்தப் புதிய மருந்து எதுவும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

குழாயில் குடியேற்றம்

ரத்தக்குழாய்க்குள் பிளாஸ்டிக் குழாய் நுழைந்ததுமே ரத்தத்திலுள்ள புரதங்கள் அதன்மேல் மெல்லியதாகப் படிந்துவிடும். தோலில் சாதுவாக வாழ்ந்துகொண்டிருந்த ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியா, ஊசி நுழைந்த இடம் வழியாகவோ, மருந்து செலுத்தும் மூடியைத் தொட்ட விரல் வழியாகவோ உள்ளே போய் அந்தப் படலத்தில் ஒட்டிக்கொள்கிறது. பெருகத் தொடங்கியதும் வழவழப்பான ஒரு பசையைச் சுரந்து அதற்குள் புதைந்துகொள்கிறது. இதற்கு ‘பயோஃபிலிம்’ என்று பெயர்.

பசைக்குள் இருக்கும் பாக்டீரியாவை ஆன்டிபயாடிக்கால் எளிதில் கொல்ல முடியாது. மருந்து முழு அளவில் உள்ளே போவதில்லை. அடியடுக்கில் இருப்பவை உணவும் ஆக்ஸிஜனும் குறைந்து ஏறக்குறைய தூங்கிக்கொண்டிருக்கும். வளரும் பாக்டீரியாவைத் தாக்கவே வடிவமைக்கப்பட்ட பல மருந்துகளுக்கு அங்கே வேலை இருக்காது. அவ்வப்போது ஒரு கொத்து பிய்ந்து ரத்தத்தில் கலக்கும்போது நோயாளிக்குக் குளிரும் நடுக்கமுமாகக் காய்ச்சல் ஏறும். உயர்ந்த மருந்து கொடுத்தும் காய்ச்சல் அடங்காமல், குழாயை உருவிய பிறகே அடங்குவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

ஆகவே இது நாள் கணக்கு. சிறுநீர்க் குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் பாக்டீரியா சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம். இரண்டு நாளில் எடுத்திருக்க வேண்டிய குழாயை, யாருக்கும் நினைவில்லாமல் எட்டு நாள் விட்டுவைத்தால் விளைவை ஊகித்துக்கொள்ளலாம்.

மிச்சிகனின் ஐந்து வேலைகள்

அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் தீவிர சிகிச்சை மருத்துவர் பீட்டர் ப்ரோனவோஸ்ட், சென்ட்ரல் லைன் போடும்போது செய்ய வேண்டியவற்றை ஐந்தே வரிகளில் எழுதினார். கையைச் சுத்தம் செய். தொப்பி, மாஸ்க், கவுன், கிளவுஸ் அணிந்து, நோயாளியின் உடல் முழுவதையும் கிருமிநீக்கிய துணியால் மூடு. தோலைக் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கொண்டு துடை. முடிந்தவரை தொடை இடுக்குச் சிரையைத் தவிர். தேவை முடிந்ததும் குழாயை எடு.

இதில் எந்த மருத்துவருக்கும் தெரியாதது ஒன்றுமில்லை. ஆனால், நர்ஸ்களை ஒரு மாதம் கவனிக்கச் சொன்னபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நோயாளிகளுக்குக் குறைந்தது ஒரு வேலையாவது விட்டுப்போயிருந்தது. அதனால் ப்ரோனவோஸ்ட் இன்னொரு மாற்றம் செய்தார். படி தவறினால் மருத்துவரைத் தடுத்து நிறுத்தும் அதிகாரத்தை நர்ஸுக்கு வாங்கிக்கொடுத்தார்.

2003இல் மிச்சிகன் மாநிலம் முழுவதும் இதை நடைமுறைப்படுத்தினார்கள். தேவையான பொருள்கள் எல்லாவற்றையும் ஒரே தள்ளுவண்டியில் அடுக்கிவைத்தார்கள். குளோர்ஹெக்சிடின் ஒரு அலமாரியிலும் கவுன் இன்னொரு மாடியிலும் இருந்தால், அவசரத்தில் எதையாவது விட்டுவிடத்தான் தோன்றும். 103 ஐ.சி.யூ.க்களின் கணக்கு 2006இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியானது. ஒரு குழாய் ஒரு நாள் உடலில் இருந்தால் அது ஒரு ‘குழாய்-நாள்’. ஆயிரம் குழாய்-நாளுக்குச் சராசரியாக 7.7 ஆக இருந்த ரத்தத் தொற்று, ஒன்றரை ஆண்டில் 1.4 ஆகக் குறைந்திருந்தது.

வராத தொற்றுக்கு மருந்து வேண்டாம். மருந்து போகாத உடலில் கிருமி அதை எதிர்க்கப் பழகும் வாய்ப்பும் இல்லை. ஆன்டிபயாடிக்கைச் சேமிக்க இதைவிட மலிவான வழி கிடையாது.

ஒரு ஜீன், பல கிருமிகள்

நம் ஐ.சி.யூ.க்களுக்கு இது ஏன் இன்னும் அவசரம் என்பதற்குச் சென்னை தொடர்புடைய ஒரு கதை இருக்கிறது. 2008இல் ஸ்வீடனில், இந்திய வம்சாவளி நோயாளி ஒருவரின் சிறுநீரில் கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா கிடைத்தது. அவர் அதற்கு முன்பு டெல்லியில் மருத்துவமனையில் இருந்தவர். கார்பபெனெம் என்ற உயர்ரக ஆன்டிபயாடிக் வகையைச் சிதைக்கும் புதிய நொதி ஒன்று அந்தப் பாக்டீரியாவிடம் இருந்தது. மெரோபெனெம், இமிபெனெம் எல்லாம் இந்த வகைதான். அந்த நொதிக்கு என்.டி.எம்-1 என்று பெயர் வைத்தார்கள். பெயரின் முதல் இரண்டு எழுத்துகள் நியூ டெல்லியைக் குறித்ததால் பெரிய சர்ச்சை எழுந்தது.

2010 ஆகஸ்டில் ‘லான்செட் இன்ஃபெக்‌ஷியஸ் டிசீசஸ்’ வெளியிட்ட ஆய்வு, சென்னை, ஹரியாணா, பாகிஸ்தான், பிரிட்டன் ஆகிய இடங்களில் இது பரவியிருப்பதைக் காட்டியது. அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. சென்னை மாதிரிகளில் மட்டும் 44 பாக்டீரியாக்களிடம் இந்த நொதி இருந்தது.

கவலை தருவது நொதியைவிட அதன் ஜீன் இருக்கும் இடம். பல சமயம் அது பாக்டீரியாவின் முதன்மை மரபுத்தொகுதியில் இல்லாமல், ‘பிளாஸ்மிட்’ என்ற தனி வளையத்தில் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்குக் கைமாறும் சமையல் குறிப்புச் சீட்டுபோல, கிளெப்சியெல்லா அந்த வளையத்தின் ஒரு நகலை ஈ.கோலை என்ற இன்னொரு பாக்டீரியாவுக்குக் கொடுத்துவிடும். இனம் வேறாக இருந்தாலும் கொடுக்கல் வாங்கல் நடக்கும். நோயாளியின் குடலில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கின்றன. ஆன்டிபயாடிக் கொடுக்கும்போது மருந்துக்கு அடங்குபவை சாக, அடங்காதவற்றுக்கு இடம் தாராளமாகிறது. அங்கிருந்து அவை படுக்கை விரிப்புக்கும் கட்டில் கம்பிக்கும் பராமரிப்பவரின் கைக்கும் வந்து, அடுத்தவரின் குழாயில் ஏறுகின்றன.

2017, 2018 ஆண்டுகளில் இந்தியாவின் 26 மருத்துவமனைகளைச் சேர்ந்த 89 ஐ.சி.யூ.க்களில் எடுத்த கணக்கில், மருத்துவமனையில் வந்த ரத்தத் தொற்றுகள் 2,622 பதிவாயின. அதிகம் காணப்பட்டது கிளெப்சியெல்லா. ரத்தத்தில் கிடைத்த கிளெப்சியெல்லாக்களில் 72 சதவீதம் கார்பபெனெமுக்கு அடங்கவில்லை. அப்போது மருத்துவர் கொலிஸ்டினை எடுக்க வேண்டியிருக்கிறது. சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்று ஒருகாலத்தில் ஓரங்கட்டப்பட்ட மருந்து அது.

கட்டிலுக்குக் கட்டில் ஒரு பாட்டில்

கை கழுவச் சொன்னதற்காக வியன்னாவில் பிரசவ மருத்துவர் செம்மல்வெய்ஸ் பட்ட பாடு பலருக்கும் தெரியும். 1847இல் அவர் மருத்துவர்களைக் குளோரின் கரைசலில் கை கழுவவைத்தார். அவருடைய பிரசவப் பிரிவில் ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த தாய்மார் இறப்பு, ஜூனில் 2 சதவீதத்துக்கு வந்தது. அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகும் மருத்துவமனைகளில் பாதிப் பேர் கை கழுவவில்லை. ஏன் என்று ஜெனிவாவில் மருத்துவர் டிடியே பிட்டே ஆராய்ந்தார். வேலை அதிகமாக இருக்கும் நேரத்திலும் இடத்திலும்தான் கை கழுவுவது குறைகிறது என்று தெரிந்தது. குழாயடிக்கு நடந்து, சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். ஒரு நர்ஸ் ஒவ்வொரு நோயாளிக்கும் முன்னும் பின்னும் அப்படிச் செய்தால் மற்ற வேலைக்கு நேரம் இருக்காது.

அவர் உபதேசத்தைக் கூட்டாமல் தூரத்தைக் குறைத்தார். கட்டிலுக்குக் கட்டில் ஆல்கஹால் ஹேண்ட்ரப் பாட்டில் வைத்தார். 20 முதல் 30 நொடி தேய்த்தால் போதும். 1994க்கும் 1997க்கும் இடையில் கைச்சுத்தம் 48 சதவீதத்திலிருந்து 66 ஆனது. 16.9 சதவீதமாக இருந்த மருத்துவமனைத் தொற்று 1998இல் 9.9 ஆகக் குறைந்தது. இந்த ஹேண்ட்ரப்பை ஒவ்வொரு நாடும் மலிவாகத் தயாரித்துக்கொள்ள உலக சுகாதார நிறுவனம் பின்னர் செய்முறையே வெளியிட்டது.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியாய்டஸ் டிஃபிசிலின் வித்துகளை ஆல்கஹால் கொல்லாது. அதற்குச் சோப்பும் தண்ணீரும்தான். கிளவுஸ் அணிவது கை கழுவுவதற்கு மாற்றும் ஆகாது. ஒரே கிளவுஸோடு நான்கு கட்டிலைத் தொடுவது, கழுவாத கையோடு தொடுவதற்குச் சமம்.

ஆபரேஷனுக்கு ஒரு டோஸ்

ஆபரேஷன் முடிந்து தையல் பிரிக்கும்வரை ஆன்டிபயாடிக் கொடுத்தால்தான் சீழ் பிடிக்காது என்ற நம்பிக்கை நம்மிடம் வலுவாக இருக்கிறது. தடுப்புக்காகக் கொடுக்கும் மருந்து, கத்தி படும் நேரத்தில் திசுவில் இருக்க வேண்டும். எனவே கீறலுக்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். ஆபரேஷன் முடிந்த பிறகு தடுப்புக்காக அதை நீட்டிக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் உறுதியாகச் சொன்னது. முடியை ரேசரால் வழிக்கக் கூடாது என்பதும் அதே பட்டியலில் இருக்கிறது. ரேசர் விடும் நுண்ணிய கீறல்களில் கிருமி தங்கும். எடுத்தே ஆக வேண்டுமென்றால் கிளிப்பர் போதும்.

எண்ணுங்கள், சொல்லுங்கள்

நோயாளியோடு துணைக்கு இருப்பவருக்கும் இதில் வேலை இருக்கிறது. கட்டிலைத் தொடும் முன்னும் பின்னும் கையைச் சுத்தம் செய்யலாம். பக்கத்துக் கட்டிலில் போய் உட்காராமல் இருக்கலாம். முக்கியமாக, தினமும் ஒருமுறை, “சிஸ்டர், இந்தக் குழாய் இன்னும் வேணுமா?” என்று கேட்கலாம். மிச்சிகன் பட்டியலின் ஐந்தாவது வரியும் அதுதான்.

ஆனால் பொறுப்பு முழுவதையும் நோயாளியின் வீட்டார் தலையில் கட்ட முடியாது. மிச்சிகனும் ஜெனிவாவும் ஜெயித்தது, தொற்றை எண்ணி, அந்த எண்ணை வேலை செய்பவர்களிடமே திரும்பக் காட்டியதால். இந்தியாவில் என்.ஏ.பி.எச். என்ற தரச்சான்று அமைப்பின் சான்று பெறும் மருத்துவமனைகளும் குழாய்-நாள் கணக்கில் தொற்று விகிதத்தைக் கண்காணிக்க வேண்டும். அமெரிக்காவில் அந்த விகிதத்தை மெடிகேர் என்ற அரசுக் காப்பீட்டுத் திட்டத்தின் இணையதளத்தில் மருத்துவமனை வாரியாக யாரும் பார்க்கலாம். இங்கே அது பெரும்பாலும் கோப்போடு நின்றுவிடுகிறது. எத்தனை கட்டில், எத்தனை வென்டிலேட்டர் என்று விளம்பரம் செய்கிற மருத்துவமனைகள், ஆயிரம் குழாய்-நாளுக்கு எத்தனை தொற்று என்பதையும் வாசலில் எழுதிவைக்கட்டும். எழுதிவைத்தால் குறைத்தே ஆக வேண்டியிருக்கும்.