முதல் வரியிலேயே விழும் பழி

குற்றம் குறித்துக் காவல் நிலையத்துக்குக் கிடைக்கும் தகவலை எழுத்தில் பதிவுசெய்து, விசாரணைக்குத் தொடக்கமாக அமையும் ஆவணமே முதல் தகவல் அறிக்கை எனப்படுகிறது. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண் சொல்வதைப் பெண் அதிகாரியே பதிவுசெய்ய வேண்டும், எழுதியதை அவருக்குப் படித்துக்காட்டிக் கையொப்பம் பெற வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவு விதிக்கிறது. ஆயினும், அவர் சொன்னது நிலைய எழுத்தரான 'ரைட்டர்' கைப்பட்டு ஏட்டு நடைக்கு மாறும்போது, 'அந்த நேரத்தில் அங்கே என்ன வேலை', 'உடன் இருந்தவர் யார்' என்ற கேள்விகள் உதிர்ந்து விடைகள் மட்டும் அவரே வலியச் சொன்னவை போல நின்றுவிடுவதால், தாக்கியவனின் செயலுக்கு முன்பே தாக்கப்பட்டவரின் நடத்தை வாசிப்பவர் கண்ணில் படுகிறது.

2024 டிசம்பர் 23 அன்று சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி ஒருவருக்கு இழைக்கப்பட்ட கொடுமையில், அறிக்கையின் சொற்கள் பாதிக்கப்பட்டவர் மீதே பழி சுமத்துவதாகச் சென்னை உயர் நீதிமன்றம் கடிந்துகொண்டது. பாலியல் குற்றங்களின் அறிக்கைகளை இணையத்தில் ஏற்றலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2016இலேயே கூறியிருந்தும் இந்த அறிக்கை வெளியே கசிந்தது. புதிய சட்டங்களுக்கு மாறியபோது நேர்ந்த தொழில்நுட்பக் கோளாறு என்று காரணம் சொல்லப்பட்டது. கோளாறு கணினியுடையது என்றே கொண்டாலும், அறிக்கையின் வாசகம் கணினி எழுதியதன்று. மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்க உத்தரவிட்ட நீதிமன்றம், அத்தொகையைத் தவறிழைத்தவர்களிடமிருந்து அரசு வசூலித்துக்கொள்ளலாம் என்றும் கூறியது.

இதே 25 லட்சத்தை 2019இல் பொள்ளாச்சி பாலியல் வன்முறை வழக்கிலும் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை விதித்திருந்தது. அங்கே கசிவுக்குக் கணினியும் தேவைப்படவில்லை: காவல் கண்காணிப்பாளரின் செய்தியாளர் சந்திப்பிலும், பின்னர் அரசாணையிலும் பாதிக்கப்பட்டவரின் அடையாளம் வெளிப்பட்டது.

புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆவது பிரிவு, பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுபவருக்கு 2 ஆண்டு வரை சிறை என்கிறது. இத்தகைய புகாரைப் பதிவுசெய்யத் தவறும் காவலருக்கு 199ஆவது பிரிவின்படி 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை கடுங்காவல் உண்டு. பதிவுசெய்யும்போதே பழியையும் சேர்த்து எழுதுபவருக்கென்று தனிப் பிரிவு எதுவும் இல்லை.

அண்ணா பல்கலைக்கழக வழக்கின் குற்றவாளிக்குச் சென்னை மகளிர் நீதிமன்றம் 2025 ஜூன் 2 அன்று, 30 ஆண்டுகளுக்குக் குறையாத ஆயுள் தண்டனை விதித்தது. அறிக்கை கசிந்தது தொடர்பாகக் காவல்துறை மீது துறைவழி நடவடிக்கை எடுக்கச் சொன்ன உயர் நீதிமன்ற உத்தரவின் பகுதிக்கோ, அதற்கு முன்பே, அதாவது அவ்வாண்டு ஜனவரியிலேயே, உச்ச நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை கிடைத்துவிட்டது.