சுவரைக் கட்டிப்போடும் பழைய டயர்

குன்றத்தூரிலிருந்து ஒரகடம் வரை பஞ்சர் கடை வாசல்களில் தேய்ந்த டயர்கள் குவிந்து கிடக்கின்றன. நிலநடுக்கத்தில் சுவர் சரியாமல் பிடித்துவைக்கவும் அந்த டயர் உதவும்.

நமக்கெங்கே நிலநடுக்கம் என்று தோன்றலாம். 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலில் 5.5 அளவில் நிகழ்ந்த நடுக்கம் சென்னையிலும் உணரப்பட்டது. மறு ஆண்டே ஐஎஸ் 1893 தர விதி, சென்னையை நிலநடுக்க இரண்டாம் மண்டலத்திலிருந்து ஆபத்து கூடிய மூன்றாம் மண்டலத்துக்கு ஏற்றியது.

பத்தடிக்குப் பத்தடி, ஒன்பது அங்குலக் கனத்தில் ஒரு செங்கல் சுவர் ஏறக்குறைய 4 டன் எடை. பாரத்தை நன்றாகத் தாங்கும் இச்சுவருக்கு, பக்கவாட்டில் இழுபட்டால் பலமில்லை. நிலம் ஆடும்போது முதலில் மூலை பிளக்கும். பிடிப்பு போன சுவர் வெளியே சாயும், கூரை உள்ளே இறங்கும். 1993-இல் மகாராஷ்டிரத்தின் லாத்தூர் நிலநடுக்கத்தில் கல்லும் மண்ணும் சேர்த்துக் கட்டிய கனத்த சுவர்கள் விழுந்துதான் தூங்கிக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

ஆக, நான்கு சுவரும் பிரியாமல் இருந்தால் போதும். நியூசிலாந்து விக்டோரியா பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ சார்ல்சன் இதற்குத்தான் பழைய கார் டயரை எடுத்துக்கொண்டார். ரேடியல் டயரின் இரு பக்கங்களையும் வெட்டி எடுத்துவிட்டு, சாலையில் உருளும் பகுதியை 4 செ.மீ. அகலத்தில் சுற்றிச்சுற்றி அறுத்தால் சுமார் 6 மீட்டர் நீளப் பட்டை கிடைக்கும். அதற்குள் எஃகு இழைகள் இருக்கும். பட்டைகளை இணைத்து, பார்சலுக்குக் கயிறு போடுவதுபோல் சுவர்களைக் கிடையாகவும் செங்குத்தாகவும் கட்டி, மேலே பூசிவிடலாம். பெருவின் லிமா நகரில் இப்படிக் கட்டிய பச்சைமண்கல் வீட்டை அதிர்வு மேடையில் ஆட்டிப் பார்த்தார்கள். விரிசல் விட்டாலும் வீடு இடிந்து விழவில்லை. டோக்கியோ பல்கலைக்கழகத்தின் கிமிரோ மெகுரோ, அட்டைப்பெட்டி கட்டும் பிளாஸ்டிக் பட்டையை வலையாக்கி இதே வேலையை வாங்கினார்.

வீட்டைச் சேதமின்றிக் காப்பது இதன் நோக்கமன்று. ஆட்கள் வெளியேறும்வரை சுவரை நிறுத்திவைப்பதே நோக்கம். மண்சுவருக்குச் செய்த சோதனையை நம்பி ஹாலோ பிளாக் வீட்டில் இறங்கவும் கூடாது. பொறியாளரைக் கேட்டே செய்ய வேண்டும்.

புது வீடு கட்டுவோருக்கு டயர் தேவையில்லை. லிண்டல் மட்டத்தில் காங்கிரீட் பட்டை கதவு, ஜன்னலுக்கு மேல் மட்டும் நிற்காமல் நான்கு சுவரையும் விடாமல் சுற்றி வர வேண்டும். கம்பிக்கும் சிமென்டுக்கும் ஆகும் அந்தக் கூடுதல் செலவில் கை வைக்காதீர்கள்.